மழைக்கு முன் தறிப்பதா, பேணுவதா? முற்றத்து மாமரமும் வயது முதிர்ந்த வீட்டு மரங்களும்

முற்றத்து மா:

அனைவருக்கும் வணக்கம். உரும்பிராயில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வெள்ளைக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அதை நட்டவர் என் அம்மப்பா. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் வளவிலிருந்த தென்னைகள் சரிந்தபோதும் இது அசையாமல் நின்றது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்; ஆகவே அறுபது வயதைத் தாண்டிய மரம் என்பதில் ஐயமில்லை. நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு எட்டு அடி. வீட்டுப் பக்கமாக நீண்ட பெரிய கொப்பு ஒன்று ஓட்டுக் கூரையின் மேலாகச் செல்கிறது. அதற்குக் கீழுள்ள அறையில்தான் அம்மா படுக்கிறார். தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில், எப்போதோ ஒரு கொப்பைத் தறித்த இடத்தில், பொந்து விழுந்திருக்கிறது. என் கை முழங்கை வரை உள்ளே போகிறது.

அண்மைக் காலமாக உச்சிக் கொப்புகளின் நுனிகள் காய்ந்து வருகின்றன. புதிய தளிர்கள் சிறுத்து வருகின்றன, காயும் குறைந்துவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் தறித்துவிடச் சொல்கிறார். அம்மா அதற்கு இணங்கவில்லை. மரம் தறிப்பவர் ஒருவர் வந்து பொந்தைப் பார்த்த உடனேயே இது இனி நிற்காது என்று சொல்லிவிட்டார். அம்மாவின் மனத்துக்காக ஆபத்தை வைத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை. நிற்கக்கூடிய மரத்தைப் பயத்தினால் வெட்டவும் மனம் வரவில்லை. எந்த அடையாளங்களை வைத்து முடிவெடுப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செம்பாட்டு மண்:

தங்கச்சி, மரம் தறிப்பவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொந்து என்பது பழைய காயத்தின் அடையாளம் மட்டுமே. விவசாய விரிவாக்கப் பணியில் இருந்த காலத்தில் கோண்டாவில், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில் பொந்து விழுந்த மாமரங்களும் புளியமரங்களும் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். பொந்தே இல்லாத, பார்வைக்குச் செழிப்பான மரம் வேரோடு சரிந்ததையும் கண்டிருக்கிறேன்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மரம் நலமாக இருக்கிறதா என்பது ஒன்று, மரம் முறியுமா அல்லது சரியுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனியே விடை தேட வேண்டும்.

மரத்தின் உயிரோட்டம் அதன் வெளிப்புறத்தில்தான் நடக்கிறது. உட்பட்டை உணவுக்கு வழி, வெளிறு நீருக்கு வழி; இரண்டுக்கும் நடுவே புதிய கலங்களை உண்டாக்கும் மெல்லிய படைதான் மாறிழையம். நடுவிலுள்ள வைரம் உயிரற்ற கலங்களால் ஆனது, தாங்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே நடுப்பகுதி உக்கிப் போனாலும் மரம் உயிரோடு இருக்கும். வலுவைப் பொறுத்தவரை, மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்துகொண்டே காற்றைத் தாங்குவதைப் போல, வெளிச்சுவர் போதிய தடிப்பில் இருந்தால் மரமும் தாங்கும். மரவியல் வல்லுநர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு, சுற்றிவர நல்ல மரத்தின் தடிப்பு ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பதாகும். உங்கள் மரத்தின் சுற்றளவு எட்டு அடி என்றால் ஆரம் ஏறக்குறைய பதினைந்து அங்குலம். அப்படியானால் ஐந்து அங்குலத் தடிப்பாவது வேண்டும். பொந்தின் வாய் அகலமாக இருந்தால் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும், ஏனெனில் திறந்த பக்கத்தில் சுவரே இல்லை.

இதை எப்படி அறிவது? மரச் சுத்தியல் ஒன்றை எடுத்து, அடிமரத்தைச் சுற்றி ஒவ்வொரு சாண் இடைவெளியிலும், தரைமட்டத்திலிருந்து தலைக்கு மேல் வரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் இறுக்கமான ஒலியைத் தரும். வெறுமையான இடம் முழங்கும். ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பின்னர் பொந்தின் உள்ளே மெல்லிய இரும்புக் கம்பியை விட்டுப் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். உக்கிய மரம் கம்பியை விடும், நல்ல மரம் தடுக்கும். பொந்துக்குள் கை விடுவதை மட்டும் நிறுத்துங்கள், பாம்பு குடியிருக்கலாம்.

அடுத்து மரத்தின் அடியைப் பாருங்கள். பொந்தைவிட எனக்குக் கவலை தருவது அடிதான். தரையோடு ஒட்டித் தட்டுப் போன்ற கடினமான காளான் முளைத்திருக்கிறதா? மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து வில்லையாக உயர்ந்திருக்கிறதா? சாய்வு அண்மையில் கூடியிருக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் நான் உங்கள் அண்ணாவின் பக்கம் நிற்பேன், ஏனெனில் வேர் உக்கிய மரம் இலை நிறைந்த நிலையிலேயே சாயும்.

இன்னுமொரு கேள்வி. உச்சி காய்வதற்குக் காரணம் பெரும்பாலும் உச்சியில் இருப்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் மரத்தைச் சுற்றி நிலத்தில் ஏதாவது மாற்றம் நடந்ததா?

வாடைக்காற்று:

நான் பருத்தித்துறை. எங்கள் வீட்டு வேம்பும் இப்படித்தான் கூரைக்கு மேலே வந்தது. எல்லாக் கொப்புகளையும் பாதியில் வெட்டி மொட்டையாக்கினோம்; ஆறு மாதத்தில் பச்சைப் பசேலென்று துளிர்த்துவிட்டது. உயரத்தைக் குறைத்தால் காற்றும் பிடிக்காது. மாமரத்துக்கும் அதையே செய்தால் அம்மாவுக்கும் நிம்மதி, அண்ணாவுக்கும் நிம்மதி என்பது என் கருத்து.

நெடுந்தீவு நினைவு:

பொந்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதற்கு எங்கள் தீவின் பெருக்கமரமே சாட்சி. அடிமரத்தின் உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்கும் அளவுக்கு வெறுமை, ஆனாலும் உயிரோடு இருக்கிறது. உல்லாசப் பயணிகள் எல்லாரும் உள்ளே நின்று படம் எடுக்கிறார்கள்.

செம்பாட்டு மண்:

நெடுந்தீவு நண்பரே, பெருக்கமரத்தை நானும் வியந்து பார்த்தவன்தான். ஆயினும் அதன் உடலமைப்பு வேறு: நீரைத் தேக்கிவைக்கும் மென்மையான மரம், குட்டையான பருத்த அடி, மேலே பாரம் குறைவு. மாமரமோ பருத்த அடிமரத்தின் மேல் அகன்ற முடியை, அதாவது கொப்பும் இலையும் பரந்த மேற்பகுதியை, சுமக்கிறது. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் கொண்டுவர முடியாது.

வாடைக்காற்றுத் தம்பி, மொட்டையாக்கும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனெனில் யாழ்ப்பாணத்து வீட்டு மரங்களுக்கு நாம் செய்யும் கெடுதிகளுள் இதுவே முதன்மையானது. மரம் துளிர்த்தது என்று மகிழ்கிறீர்கள். அது செழிப்பினால் வந்த துளிர் அன்று. இலையெல்லாம் பறிபோன மரம் தன் சேமிப்பைச் செலவழித்து அவசரமாக விடும் துளிர். பட்டையின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் அந்தக் குச்சிகள் பழைய மரத்தோடு ஆழமாகப் பிணைவதில்லை. அவை ஐந்தாறு ஆண்டுகளில் கைப்பருமனாகும் வேளையில், அவற்றுக்கு அடியிலிருக்கும் வெட்டுமுகம் உக்கத் தொடங்கியிருக்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் போன பின்னர் தெருவில் கிடந்த கொப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்னர் மொட்டையாக்கப்பட்ட இடத்தில் கிளம்பியவை தோலோடு உரிந்து விழுந்து கிடந்தன. வேம்பு வெட்டைத் தாங்கித் துளிர்க்கும் இனம் என்பதால் உங்கள் மரம் பிழைத்தது. அறுபது வயது மாமரத்திடம் அந்தச் சேமிப்பு இருக்காது.

மரத்தின் காயம் நம் தோலின் காயத்தைப் போல ஆறுவதில்லை. அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1977 இல் வெளியிட்ட விளக்கம் இன்றைக்கும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது: காயம் பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புகளை எழுப்பி உக்கலை ஒதுக்கி வைக்கிறது, பின்னர் புதிய மரத்தை வெளியே வளர்த்து மூடுகிறது. அந்தத் தடுப்பு வலுவாக அமைவது கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்திலிருக்கும் புடைப்பில்தான். கொப்பின் அடியைக் கூர்ந்து பாருங்கள். பட்டை சற்றுச் சுருங்கி வளையமாகப் புடைத்திருக்கும். அந்த வளையத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு மட்டமாக வழித்து வெட்டினால் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் தடுப்பு எழுப்பும் பகுதியே போய்விடும். ஓரடி முளையாக விட்டு வெட்டினால் அந்த முளை செத்து, உக்கி, உக்கலை உள்ளே கொண்டுபோகும். தங்கச்சியின் மரத்திலிருக்கும் பொந்து அப்படிப்பட்ட பழைய வெட்டு ஒன்றினால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

வெட்டிய வாய்க்குத் தார், வண்ணப்பூச்சு, சாணம் எதுவும் வேண்டாம். அவை உக்கலைத் தடுப்பதில்லை. ஈரத்தைப் பூட்டி வைக்கும். பொந்துக்குள் சீமெந்து நிரப்பும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். காற்றில் மரம் அசையும், சீமெந்து அசையாது. உராய்வினால் உள்ளேயிருக்கும் நல்ல மரமும் நசியும், இடுக்கில் நீர் தேங்கும். பின்னர் யாராவது வாள் போடும்போது ஆபத்து வேறு.

முற்றத்து மா:

ஐயா, நீங்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. அண்ணா மகளின் கலியாணத்துக்கு வந்தபோது, மழைக்காலத்தில் முற்றம் சேறாகிறது என்று மண் நிரப்பி உயர்த்தி, முழு முற்றத்துக்கும் இன்ரர்லொக் கல் பதிப்பித்தார். கல் அடிமரத்தை ஒட்டியே வந்திருக்கிறது. தெருப்பக்க மதிலும் அதே காலத்தில்தான் கட்டப்பட்டது. அத்திவாரம் வெட்டும்போது பெருவிரலைவிடத் தடித்த வேர்கள் பல அறுபட்டன என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். மதில் மரத்திலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறது. நுனி காயத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான்.

முன்பெல்லாம் அடிமரம் நிலத்தோடு சேரும் இடத்தில் யானைக்கால் போல விரிந்திருக்கும். இப்போது தூண் நட்டதுபோல நேராகக் கல்லுக்குள் இறங்குகிறது.

செம்பாட்டு மண்:

அப்படியானால் நோயின் மூலம் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். நீங்கள் கடைசியாக எழுதிய அடையாளம், அடி விரியாமல் நேராக இறங்குவது, மண் மூடிய மரத்தின் தெளிவான அடையாளம்.

நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருப்பது. வலிகாமத்துச் செம்மண் சில இடங்களில் ஆழமாக இருக்கும், சில இடங்களில் ஓரிரு அடியிலேயே மண்வெட்டி கல்லில் பட்டுத் தீப்பொறி பறக்கும். எந்த நிலத்திலும் மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரிரு அடிக்குள்தான் இருக்கும். இங்கே அது இன்னும் மேலாக, அகலமாகப் பரவும். முடியின் ஓரத்தையும் தாண்டி வேர்கள் போகும். அந்த வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி, இயந்திரத்தால் இறுக்கி, கல்லையும் பதித்தால் மூச்சு அடைபடும். வைகாசியிலிருந்து அடிக்கும் சோளகத்தில் நிலம் உலர்ந்து கிடக்கும் மாதங்களில் இடையிடையே பெய்யும் சிறு மழைகூட வேருக்குப் போகாது. ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து முடியும் ஊரில், அந்த மழையையும் வழிந்தோட விட்டால் மரம் எதைக் குடித்து எட்டு மாதத்தைக் கடக்கும்?

சீமெந்துக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு கூடியது. கலவை குழைத்த தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவதால் காரத்தன்மை இன்னும் கூடும். இரும்பும் நாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் அதுதான் காரணம்.

மேசன் வேலைக்காரன்:

கல் பதிக்கும் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இன்ரர்லொக் கல்லைச் சேதமில்லாமல் கழற்ற முடியும். ஓரத்தில் சீமெந்து போட்டுப் பிடித்த வரிசையை மட்டும் உடைக்க வேண்டிவரும். முதற் கல் எழும்பிவிட்டால் மற்றவை கையோடு வரும். அதற்குக் கீழே கல்தூள் இரண்டு அங்குலம், அதன் கீழ் இறுக்கிய கிரவல் நான்கிலிருந்து ஆறு அங்குலம் இருக்கும். கல்லை மட்டும் கழற்றினால் பயனில்லை, அந்தக் கிரவலையும் எடுக்க வேண்டும். பிக்கான் போட்டுக் கொத்தினால் வேர் சிதையும். அடிமரத்துக்கு அருகே கிரவலை நனைத்து ஊறவிட்டு, கைக்கரண்டியால் சுரண்டி எடுக்கலாம்.

வீட்டுக்காரர்கள் மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி வட்டம் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நானும் கேட்டதைத்தான் செய்து கொடுக்க முடியும். ஆனால் வாகனம் நிறுத்தும் பாதைக்கு மட்டும் கல்லைப் பதித்து, மரத்தின் பக்கத்தை வெறும் மணலாகவோ பரற்கல்லாகவோ விடுவது செலவும் குறைவு, சேறும் வராது. மதிலுக்குத் தொடர் அத்திவாரம் வெட்டாமல், வேர் போகும் இடத்தில் தூண் நட்டு மேலே வளை போட்டுக் கட்டலாம். கட்டுவதற்கு முன் கேட்டால் எந்த மேசனும் செய்து தருவார்.

செம்பாட்டு மண்:

மேசன் தம்பி எழுதியது பொன்னான தகவல். தங்கச்சி, கல்லை எவ்வளவு தூரத்துக்கு எடுக்க முடியுமோ அவ்வளவுக்கு எடுங்கள். குறைந்தது ஆறு அடி ஆரம், முடிந்தால் முடியின் ஓரம் வரை. அடிமரம் விரிந்து முதல் வேர்கள் பிரியும் இடம் வெளிச்சத்துக்கு வரும் வரை மண்ணை விலக்குங்கள். மூடிக் கிடந்த பட்டை ஈரமாக, கறுத்து இருக்கலாம். நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே இளம்பச்சையோ வெண்மையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. கபிலமாக, புளித்த வாடையோடு இருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. சுற்றளவில் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

பிறகு அந்த இடத்தில் சருகு போடுங்கள். ஒவ்வொரு காலையும் மாவிலையைக் கூட்டிக் குவித்து எரிப்பது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். முற்றம் துப்புரவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் மரம் நிலத்திலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழி அந்தச் சருகுதான், அதை நாமே சாம்பலாக்குகிறோம். மரத்தடியில் எரிக்கும்போது பட்டையும் வேகிறது. மூன்று நான்கு அங்குலக் கனத்தில் சருகைப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலம் வெறுமையாக விடுங்கள்.

முற்றத்து மா:

சருகைப் போட்டால் பாம்பும் கறையானும் வரும் என்று அம்மா அஞ்சுகிறார்.

செம்பாட்டு மண்:

பாம்பு ஒளிவது குவியலில். மெல்லியதாகப் பரப்பிய சருகில் அதற்கு மறைவு இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து சில அடி விட்டே பரப்புங்கள். கறையான் பெரும்பாலும் செத்த பட்டையையும் உக்கிய மரத்தையும்தான் உண்ணும். உயிர்ப்பட்டையின் மேல் அது புற்றுப்பாதை போட்டிருந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டாலே போதும். கறையானைக் கண்டதும் மரத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். அது காரணமாக இருப்பது அரிது. ஏற்கெனவே செத்த பகுதி எங்கே என்று அது நமக்குக் காட்டுகிறது.

மாமரத்தில் நான் உண்மையில் அஞ்சும் பூச்சி தண்டு துளைப்பான். அடிமரத்திலோ பெருங்கொப்பிலோ துளையும், அதன் கீழே மரத்தூளும், பிசின் வடிதலும் இருந்தால் துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தியெடுக்க வேண்டும். நலிந்த மரத்தைத்தான் அது விரும்பித் தேடும்.

காரைநகர் ஆசிரியை:

நீர் ஊற்றுவது பற்றி ஐயா எழுதுவதற்கு முன் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் பங்குனிக்குப் பின்னர் பல கிணறுகள் உவர்க்கத் தொடங்கிவிடும். அந்த நீரை அள்ளி மாமரத்துக்கும் தேசி மரத்துக்கும் ஊற்றினால் இலையின் ஓரம் முதலில் கருகும், பின்னர் நுனியிலிருந்து உள்நோக்கி வரும். அதைக் கண்டதும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் கூடுதலாக ஊற்றுபவர்கள் உண்டு. தென்னை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும், பூவரசும் தாங்கும், மா தாங்காது. தென்னைக்கு உப்பிடும் வழக்கத்தைப் பார்த்து மாமரத்தடியிலும் உப்பைக் கொட்டுவதை நான் எங்கள் ஊரிலேயே பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கூரை நீரை வாரியோடு குழாய் வைத்து மரத்தின் முடியோரத்துக்கு விடுவதே எங்கள் நிலத்துக்குப் பொருத்தமானது. மழைக்காலத்தில் வேர்ப்பகுதியில் இறங்கும் நன்னீர் ஆண்டு முழுக்கச் சேர்ந்த உப்பையும் கீழே கழுவிக் கொண்டுபோகும்.

செம்பாட்டு மண்:

ஆசிரியை அவர்கள் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். உரும்பிராயில் உவர்ப்புச் சிக்கல் குறைவு, ஆனாலும் நீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அடிமரத்தில் அன்றி முடியின் ஓரத்தை அண்டி, மெதுவாக, ஆழமாக ஊறும்படி விட வேண்டும். கார்த்திகை தொடங்கிப் பூக்கும் வரை மேலதிக நீர் வேண்டாம்; மா பூப்பதற்கு அந்த ஓய்வு தேவை.

குழை தாழ்ப்பதை, அதாவது பச்சிலைகளை மண்ணுக்குள் புதைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். புகையிலைத் தோட்டத்தில் நம் முன்னோர் குழை தாழ்த்து மண்ணை வளமாக்கியது அருமையான முறை. ஆனால் வயது போன மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிக் குழை தாழ்த்தால், கிடைக்கும் உரத்தைவிட அறுபடும் வேர்களின் இழப்புப் பெரிது. பூவரசங்குழையையும் சீமைக்கிளுவையையும் நிலத்தின் மேலேயே பரப்பிவிடுங்கள், மழை அதை இறக்கும். நலிந்த மரத்துக்கு யூரியா போட்டு விரட்டவும் வேண்டாம். வேர் குறைந்த நிலையில் இலையை மட்டும் பெருக்கினால் கோடையில் அது தாங்காது.

கொடிகாமத்துப் பலா:

இழையின் போக்கிலிருந்து விலகாமல் இரண்டு கேள்விகள். எங்கள் வளவில் பழைய மாமரத்தின் மேற்கொப்புகளில் குருவிச்சை பிடித்திருக்கிறது. ஆண்டுதோறும் ஒடித்து எறிந்தும் மறுபடி வருகிறது. பக்கத்திலேயே காய்க்காமல் போன பலா ஒன்று, அயலவரின் தகரக் கொட்டகைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதைத் தறிக்கலாமா?

செம்பாட்டு மண்:

குருவிச்சையை ஒடித்தால் போதாது. அது கொப்பின் மரத்துக்குள்ளேயே தன் உறிஞ்சிகளை இறக்கியிருக்கும். ஒட்டிய இடத்திலிருந்து ஓரடிக்கு மேல் உட்புறமாகக் கொப்பையே வெட்டியெடுங்கள். பெருங்கொப்பில் இருந்தால் அதை வெட்டாமல், குருவிச்சை பூத்துக் காய்க்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒட்ட நறுக்கி அடக்கி வையுங்கள். சிறு குருவிகள் பழத்தைத் தின்று பசையுள்ள விதையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் போகின்றன. அயல் வளவில் ஒன்று காய்த்துக்கொண்டிருந்தால் உங்கள் உழைப்பு வீண். அயலவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

பலாவைப் பொறுத்தவரை, அனுமதியில்லாமல் கை வைக்க வேண்டாம். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலேயே தறிப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் வந்து பார்த்துக் கொடுக்கும் அறிக்கையோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆபத்தான சாய்வு என்றால் படமும் எடுத்து இணையுங்கள். அனுமதி கிடைக்கும் வரை கொட்டகைப் பக்கத்துப் பாரத்தைக் குறைக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று:

ஐயா, தென்னைக்கும் இதே புடைப்பு, வெட்டு முறைகள் பொருந்துமா? எங்கள் கிணற்றடித் தென்னையில் ஏறுவதற்காகப் படி கொத்தியிருக்கிறார்கள்.

செம்பாட்டு மண்:

பொருந்தாது, தம்பி. தென்னைக்கும் பனைக்கும் மாறிழையம் இல்லை. ஒரு முறை பட்ட காயம் எக்காலத்திலும் மூடாது. அந்தப் படிகளின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். இனியாவது கொத்த வேண்டாம், தளநாரோ ஏறும் பொறியோ போதும். பச்சை ஓலையை வெட்டி அழகு பார்ப்பதையும் தவிருங்கள்.

முற்றத்து மா:

வேலை நடந்திருக்கிறது, விவரத்தை எழுதுகிறேன். மரத்தைச் சுற்றி ஏழு அடிக்குக் கல்லும் கிரவலும் எடுக்கப்பட்டுவிட்டன. அடிமரம் ஏறக்குறைய பதினான்கு அங்குலம் மூடுண்டு கிடந்திருக்கிறது. விலக்கிய இடத்தில் பட்டை கறுத்து, நனைந்த சாக்கைப் போல மென்மையாக இருந்தது. ஐயா சொன்னபடி கீறிப் பார்த்ததில் மதில் பக்கத்தில் ஒரு முழ அகலம் கபிலமாக இருக்கிறது, மற்ற எல்லாப் பக்கமும் வெண்மை. கிரவலுக்குள் மயிர்போல் மெல்லிய புதுவேர்கள் அடிமரத்திலிருந்தே கிளம்பி மேல்நோக்கி வந்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் மரம் இவ்வளவு காலமும் எப்படித் தவித்திருக்கிறது என்று தோன்றியது.

தட்டிப் பார்த்ததில் பொந்தைச் சுற்றி ஒலி மாறும் பகுதி ஒரு முழ உயரத்துக்கு மட்டுமே. கம்பி வைத்துப் பார்த்தபோது மூன்று பக்கமும் ஆறு ஏழு அங்குலம் கெட்டியாக இருக்கிறது. காளான் எதுவும் இல்லை, மண் எழும்பவும் இல்லை. படங்களைப் பார்த்த அண்ணா, கூரைக் கொப்புக்கு ஒரு வழி செய்தால் மரம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கொப்பை எப்படிக் குறைப்பது?

செம்பாட்டு மண்:

மகிழ்ச்சியான செய்தி. பொந்துச் சுவர் போதும். மதில் பக்கத்துக் கபில நிறப் பகுதிதான் கவனத்துக்குரியது, ஏனெனில் அதே பக்கத்தில் வேர்களும் அறுபட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்றுக்கு மரத்தின் பிடி குறைவு. இந்த மாரி முழுக்க, பெருமழைக்குப் பின்னர் அந்தப் பக்கத்து நிலத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அம்மாவின் கட்டிலை மறுபக்க அறைக்கு மாற்றிவிடுங்கள். மரத்தில் நம்பிக்கை இருந்தாலும் இதைச் செய்யத் தவற வேண்டாம். 2008 இல் நிஷாப் புயலின்போது காற்றைவிட மழையே பெரிதாக இருந்தது. நாட்கணக்கில் ஊறிய மண்ணில் வேர் பிடியை இழக்கும்.

கொப்பை அடியோடு எடுக்க வேண்டாம். அவ்வளவு பெரிய வாயை இந்த வயதில் மரம் மூட முடியாது, இன்னொரு பொந்துக்கே வழி செய்வோம். நுனியிலிருந்து உள்ளே வந்து, வெட்டும் கொப்பில் மூன்றில் ஒரு பங்குப் பருமனாவது உள்ள பக்கக் கொப்பு ஒன்று மேல்நோக்கியோ வெளிநோக்கியோ போகும் இடத்தில் குறையுங்கள். அந்தப் பக்கக் கொப்பு இனி நுனியாகும். முழு மரத்திலும் இவ்வாண்டு எடுக்கும் பச்சை இலை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காய்ந்த கொப்புகளை எவ்வளவும் எடுக்கலாம். போதாவிட்டால் அடுத்த ஆண்டு, காய் பறித்து முடிந்த ஆடி ஆவணியில் மீதியைக் குறைக்கலாம்.

பாரமான கொப்பு என்பதால் மூன்று வெட்டு வேண்டும். இறுதி வெட்டிலிருந்து ஓரடி வெளியே, கீழ்ப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து இரண்டாவது, இதில் பாரம் இறங்கிவிடும். மிஞ்சிய முளையைப் புடைப்புக்கு வெளியே மூன்றாவதாக எடுக்க வேண்டும். முதல் வெட்டை விட்டுவிட்டால் கொப்பு விழும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். கூரைக்கு மேலே என்பதால் ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். வருபவர் கயிறில்லாமல் வந்தால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். நம் ஊரில் பழைய மரங்களுக்குள் கொடிக்கம்பியும் ஆணியும், போர்க்காலத்து உலோகச் சிதறலும்கூடப் புதைந்திருக்கக்கூடும்; இயந்திர வாள் போடும் முன் பட்டையில் வீக்கமோ வடுவோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நல்லது. தெருப்பக்கத்தில் மின்கம்பியை அண்டிய கொப்பு ஏதும் இருந்தால் அதை மரம் வெட்ட வருபவரிடம் கொடுக்காமல் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் மின்னைத் துண்டித்த பின்னரே வெட்டுவியுங்கள். புரட்டாதி நடுப்பகுதிக்குள் வேலை முடிந்தால் நல்லது, அதற்குப் பின்னர் ஆள் கிடைப்பது அரிதாகிவிடும்.